சாவு அடி அடித்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் ஐந்து

காளிதாசுக்குப் பேய் என்றால் பயமே கிடையாது. யட்டியாந்தோட்டை கடைவீதியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவனே ஒரு கடை விடாமல் சொல்லி வைத்திருந்தான். ஆனால் அன்று மத்தியானம் புளத்கொகுபிட்டியவைத் தாண்டி நரிமலைத் தோட்டத்து வளைவில் கார் திரும்பியபோது, அவனுடைய முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

ஆனி மாதம். பகல் வெளிச்சம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. நரிமலையில் மழை பிடித்தால் கோழிகள் நீந்தப் பழகும் என்பார்கள். இந்த வருஷம் கோழிகள் நீந்தி முடித்துக் கரையேறிவிட்டன. மழை மட்டும் நிற்கவில்லை.

"டீச்சர், திரும்பிடுவோமா?" என்றான். "ரோட்டுக்கு நடுவுல பள்ளம்னா ஒதுங்கிப் போகலாம். இங்க பள்ளத்துக்கு நடுவுல எங்கயாச்சும் ரோடு கெடக்கான்னுல்ல தேட வேண்டியிருக்கு."

"தேடி ஓட்டு தாஸு. வாய் சும்மா இருந்தா கண்ணு நல்லாத் தெரியும்."

பரிமளம் டீச்சர் கடைவீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர். தெருவில் நடந்துகொண்டே, மாடியில் டைப் அடிக்கிற பிள்ளையின் எந்த விரல் சோம்பேறி என்று சொல்லிவிடுவார். அந்தக் காதும் கண்ணும் இருந்ததால், பொலிஸ்காரர்கள் கைவிட்ட விஷயங்கள் ஒவ்வொன்றாக அவருடைய மாடிப்படி ஏறத் தொடங்கின. காளிதாஸ் அங்கே மெஷின் பழுது பார்க்கிறவன். துப்பறியும் வேலையில் உதவி. வாய் வேலையில் மட்டும் முதலாளி.

பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் புஷ்பம். டீச்சரிடம் டைப் பழகிய தோட்டத்துப் பிள்ளை. வழி நெடுக ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அது யாருக்கு அடிக்குதுங்க டீச்சர்? எங்க அண்ணனுக்கா?"

விஷயம் இதுதான். புஷ்பத்தின் அண்ணன் ராஜதுரை கொழும்பில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதப் படித்தவன். தோட்டக் கம்பெனி, பரிசோதனைக்கென்று ஒரு கம்ப்யூட்டரை நரிமலை ஆபீசுக்கு அனுப்பியது. அதைத் தோட்டத்துக்குத் தகுந்த மாதிரி பழக்க ராஜதுரையே வந்தான். தங்கச்சியை அதில் வேலைக்கு வைத்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில், ஒரு நாள் மலை உச்சியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அவன் விழுந்த மறுநாள் காலை புஷ்பம் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டாள். அந்தப் பெட்டி தப்பு மேளம் அடித்தது. தோட்டத்தில் ஒரு உயிர் போனால் அடிக்கிற அடி. சாவு அடி.

"உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் டீச்சர்.

"பேய்க்கு மெஷின் வேலை தெரியுதுன்னா, எனக்குத்தான் பொழைப்பு போச்சு," என்றான் காளிதாஸ். சிரிக்க முயன்றான். பல் கிட்டித்துக்கொண்டது.

ஆபீஸ் மேட்டில் இருந்தது. அதற்கு முன்னால் பெரட்டுக்களம். விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற வெட்டவெளி. கீழே பள்ளத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயம் கிடந்தது. அதற்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நரிமலை.

களத்தில் நாலைந்து பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் மூக்காயி. அவள் ஒப்பாரி வைத்தால் செத்தவனே எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்துவான் என்று அந்தப் பக்கம் பேச்சு.

"பொட்டிய ஒடைக்க வந்தீங்களா, பூசை பண்ண வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்க வந்தோம்மா," என்றார் டீச்சர்.

"வெரசாப் பாருங்க. அந்தி ஆனதும் ஆம்பளைங்க கோடாலியோட வருவாங்க. ஒவ்வொரு நாளும் ஒரு சுத்து கூட அடிக்குது. ஒரு ஆளுக்கு இம்புட்டு நேரம் அடிக்க மாட்டாங்க. இது ஒரு ஆளுக்கு இல்ல."

காளிதாஸ் டீச்சரின் குடைக்குள் இன்னும் கொஞ்சம் நுழைந்தான்.

ஆபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர் பொன்னுத்துரை காத்திருந்தார். தோட்டத்தை நடத்துகிற தொரை கொழும்புக்குப் போயிருந்ததால் அவர்தான் பொறுப்பு. நல்ல மனிதர். வந்ததும் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். அவருடைய கால் சப்பாத்தில் மட்டும் வெள்ளைக் களிமண் அப்பியிருந்தது. தோட்டமே செம்மண்ணில் புரண்டுகொண்டிருக்கையில் இவர் எங்கே போய் வெள்ளையடித்துக்கொண்டு வந்தார் என்று காளிதாஸ் நினைத்தான். வாய்க்குள் கருப்பட்டி இருந்ததால் கேட்கவில்லை.

"ராஜதுரை தங்கமான பொடியன்," என்றார் கிளாக்கர். "அந்த மலைக்குப் போகாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அட்டைக் காடு, வழுக்கல். நீங்களும் அந்தப் பக்கம் போயிறாதீங்க."

"நீங்க கம்ப்யூட்டர் பாப்பீங்களா?" என்றார் டீச்சர்.

"நானா? அவனோட கொழும்புக்குப் படிக்க அனுப்பினாங்கம்மா. பேன் காத்துல தூங்கிட்டு வந்தேன். எனக்கு எந்தப் பட்டன் என்னான்னே தெரியாது."

உள்ளறையில் மேசை மேல் அது இருந்தது. டைப்ரைட்டரைப் போல எழுத்துப் பலகை, மேலே சின்ன டி.வி. பெட்டி, பக்கத்தில், புரோகிராமைப் பதிந்து வைக்கிற கருப்பு அட்டைத் தட்டைச் செருகும் வாய். அருகே ஒரு அலுமாரி. அதன் கண்ணாடி வழியாக, மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற லவுட்ஸ்பீக்கர் குழாய், மைக்கோடு தெரிந்தது. எந்தப் பாட்டு போடுவது என்று வருஷா வருஷம் சண்டை வருவதால் அதைப் பூட்டி, சாவியைக் கிளாக்கர் தன் இடுப்பில் வைத்திருந்தார்.

"போடு புஷ்பம்," என்றார் டீச்சர்.

புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு பச்சை வெளிச்சம். பிறகு...

டக். டக்க டக். டக். டக்க டக்.

தோலும் இல்லை, குச்சியும் இல்லை. இரும்புக்குள்ளிருந்து எலும்பு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் அடி அதே அடி. காளிதாஸ் பாய்ந்த பாய்ச்சலில் கதவுப் பக்கம் இருந்தவன் ஜன்னல் பக்கம் போயிருந்தான். நடுவில் இருந்த மேசையை எப்படித் தாண்டினான் என்பது இன்றுவரைக்கும் தெரியாது. புஷ்பம் சுவர்ப் பிளக்கைப் பிடுங்க ஓடினாள். வெளியே மூக்காயி "ஐயோ!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று காளிதாஸ் கத்த, கிளாக்கர் கையை மேசைக்கு நீட்டினார்.

சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

புஷ்பம் பிளக்குக்கு இன்னும் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கிளாக்கர் ஐயா, எங்களுக்கு இன்னொரு டீ கிடைக்குமா?"

அவர் வெளியே போனதும் டீச்சர் திரும்பினார். "புஷ்பம், இது அடிக்காத நாள் ஏதாவது உண்டா?"

"ஒரே ஒரு நாளுங்க. போன புதன்கெழம."

"அதுக்கு முந்தி ஒன்னோட துணி காஞ்சுதா?"

புஷ்பம் விழித்தாள். பிறகு மெல்ல, "காஞ்சுதுங்க டீச்சர். ரெண்டு நாள் நல்ல வெயிலு. பாயெல்லாம் எடுத்துக் காயப்போட்டேன்."

"பேய்க்கும் அன்னைக்குத்தான் துணி தொவைக்கிற நாள் போல," என்றான் காளிதாஸ் ஜன்னலோரத்திலிருந்து.

"வெயிலைக் கண்டு வாயை மூடுற பேயை நான் இன்னும் பாக்கல. இதுக்குள்ள மழைக் கணக்கு போடுறீங்களா?"

"ஆமாங்க. கொல்லையில மழை அளக்குற போத்தல் இருக்கு. தெனமும் காலையில நான்தான் அளந்து தட்டுறேன். அதுக்குன்னு அண்ணன் ஒரு எழுத்து வச்சிருக்கு. 'எம்' தட்டினா மழை. 'கே' தட்டினா கொழுந்து. ஒரு நாளைக்கு மூணு தரம் செய்யுற வேலைன்னா அதை ஒரே விரலுக்குக் கட்டிப் போடணும்னு சொல்லும்."

"இன்னும் என்னென்ன சொல்லும்?"

புஷ்பம் தேவாரம் சொல்கிற பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டாள். "பொட்டி கண்ணு முழிச்சதும், நமக்கு எது ரொம்ப முக்கியமோ அதைத்தான் மொதல்ல சொல்லணும். அதுக்குன்னே ஆரம்பப் புரோகிராம் ஒண்ணு எழுதி வச்சிருக்கு. சுவிட்சைப் போட்டா தானா ஓடும். அப்புறம், வரிக்கு நம்பர் போடும்போது பத்துப் பத்தா போடணும், நடுவுல எடம் விடணும். பின்னால ஒரு வரி சேக்கணும்னா வீட்டை இடிக்காம சன்னல் வைக்கலாம். அப்புறம், எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வேற கூரைக்குக் கீழ வைக்கணும். ஒரே கூரைன்னா ஒரே நெருப்புல ரெண்டும் போயிரும்."

"அந்த ஆரம்பப் புரோகிராமைக் காட்டு."

புஷ்பம் தட்டினாள். பச்சை எழுத்து வரி வரியாக ஏறியது. காளிதாசும் பயத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பத்து, இருபது, முப்பது என்று ஒழுங்காக வந்த நம்பர், எழுபதில் நின்று நூற்றிருபதுக்குத் தாவியது.

"டீச்சர், இது எங்க மாமா வாய் மாதிரி இருக்கு. நடுவுல பல்லைக் காணோம்."

"விழுந்த பல்லா, புடுங்கின பல்லா?"

"பத்துப் பத்தா எண்ணுறவன் இப்படித் தாவ மாட்டான். புடுங்கினதுதான்."

"அப்போ பேயில்ல. யாரோ ஒரு ஆளு." டீச்சரின் குரல் தாழ்ந்தது. "இந்தப் பெட்டி மழையைப் பாத்து அடிக்குது. ஏன் அடிக்குதுன்னு சொல்ற வரியை எவனோ எடுத்துட்டான். அடியை மட்டும் அவனால எடுக்க முடியல; அது வெறும் எண்ணா எழுதியிருக்கு பாரு, எது எதுன்னு தெரியாது. இல்லாட்டி வேணும்னே விட்டு வச்சிருக்கான். வாயைக் கட்டிட்டுக் கையை மட்டும் அவிழ்த்து விட்டா, யாரைப் பாத்தாலும் பேய் மாதிரிதான் இருக்கும்."

பேய் இல்லை என்றதும் காளிதாசுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேயாவது தூரத்தில் இருக்கும். ஆள் என்றால் பக்கத்திலேயே இருப்பான்.

"புஷ்பம், இந்தச் சாவு அடியை உங்க அண்ணனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"வேலுசாமி மாமாவா இருக்கும். அவருதான் தோட்டத்துக்குத் தப்பு அடிக்கிறவரு. கீழ் லயத்துல இருக்காரு."

"வேற கூரை," என்றார் டீச்சர். குடையை எடுத்துவிட்டார்.

கீழ் லயத்துக்குப் போகிற படிக்கட்டில் தண்ணீர் ஓடியது. படி இறங்குகிறோமா, அருவியில் இறங்குகிறோமா என்று புரியவில்லை. குழாயடியில் ஒரு பெண் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்; ஊற்றுத் தண்ணீர் இரண்டு நாளாகச் சிவப்பாக வருகிறதாம். வேலுசாமி குடியிருந்த காம்பராவின் கதவு பாதி திறந்தபடி காற்றில் ஆடியது.

"கதவைச் சாத்திக்க வேண்டியதுதானே மாமா, மழை உள்ள அடிக்குது," என்றாள் புஷ்பம்.

"எங்கம்மா சாத்துறது? நாலஞ்சு நாளா மாட்டேங்குது. பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான். மரம் ஊதிருச்சு போல."

காளிதாஸ் மெஷின்காரன். கை சும்மா இராது. நிலையைத் தடவிப் பார்த்தான். மரம் ஊதவில்லை. நிலையே கோணிப்போயிருந்தது. சுவர் மூலையில் ஒரு விரிசல். விரலை வைத்தான், விரல் உள்ளே போயிற்று. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா, அண்ணன் ஒங்ககிட்ட எதுவும் குடுத்து வச்சுதா?"

வேலுசாமி தயங்கினார். டீச்சரைப் பார்த்தார். அப்புறம் அரிசிப் பெட்டியைத் திறந்து, வாழை இலையில் சுற்றிய ஒரு கருப்பு அட்டைத் தட்டை எடுத்தார். உறையில் திருநீறு பூசியிருந்தது.

"நெருப்புப் பக்கம் காட்டாதீங்கன்னு சொல்லிக் குடுத்துச்சு. என்னமோ சக்தி உள்ள பொருள்னு பூசையில வச்சேன். அதுக்கு முந்தின நாளுதான் வந்து ஒண்ணு கேட்டுச்சு. 'மாமா, ஏன் எதுக்குன்னு கேக்காம இந்தத் தோட்டத்து சனம் அத்தனையும் வீட்டை விட்டு வெளியே வரணும்னா எந்த அடி அடிக்கணும்?'னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரே ஒரு அடிதாங்க இருக்கு. சாவு அடி கேட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா இங்க பழி. நோயாளியக்கூடத் தூக்கிட்டுக் களத்துக்கு வந்துருவாங்க. அங்க வந்து நின்னுதான் யாரு எவருன்னே கேப்பாங்க. மேசையில தட்டிக் காட்டினேன். ஒரு தடவைதான். அப்படியே புடிச்சுக்கிச்சு."

டீச்சர் தட்டைக் காளிதாஸ் கையில் திணித்தார். "தாஸு, ஓடு" என்றார்.

எதற்கு என்று காளிதாஸ் கேட்கவில்லை. ஓடினான். நரிமலைத் தோட்டத்தில் அன்றைக்கு அவன் ஏறிய வேகத்தில் மழைத்துளி அவன் மேல் விழவே நேரம் கிடைக்கவில்லை.

பின்னாலேயே டீச்சரும் புஷ்பமும் வந்து சேர்ந்தார்கள். தட்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் டக், டக்க டக் என்று தொடங்கியது. இந்தத் தடவை திரை வெறுமையாக இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் நின்று நின்று வந்தது. புஷ்பம் வாய்விட்டுப் படித்தாள்.

"மலை உச்சியில் வெடிப்பு. அடியில் யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள். மழை இந்த அளவுக்கு மேல் போனால் மலை நிற்காது. இந்த அடி கேட்டால் கீழ் லயத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது."

யாருக்கு அடிக்கிறது என்று வழியெல்லாம் கேட்டாளே, பதில் அதுதான்.

"பைத்தியக்காரத்தனம்!" என்றார் கிளாக்கர், டீத் தட்டோடு வாசலில் நின்றபடி. "வெள்ளைக்காரன் காலத்துலருந்து நிக்கிற மலை. பொடியன் பயந்த சுபாவம்."

மலை அவருக்குப் பதில் சொன்னது. எங்கோ உள்ளுக்குள், பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு உறுமல். தட்டிலிருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன.

காளிதாஸ் களத்து ஓரத்துக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினான். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! ஓடுங்க!"

பட், பட், பட் என்று கீழே ஒவ்வொரு கதவாக மூடியது. சாத்த மாட்டேன் என்ற கதவுகளைக்கூட உள்ளேயிருந்து மேசையை வைத்து அடைத்தார்கள். விளக்குகள் அணைந்தன.

"அப்படிக் கூப்பிட்டா வரமாட்டாங்கண்ணே!" புஷ்பம் அழுதாள். "ரெண்டு வருசத்துக்கு முன்ன கலவரத்துல ஆளுங்க வந்து கூவினதும் இப்படித்தான். ஓடுன்னு சத்தம் கேட்டா உள்ள பூந்துக்கிட்டு மூச்சு விடக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கே சொல்லி வச்சிருக்காங்க!"

படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வந்த வேலுசாமி தப்பைத் தட்டிப் பார்த்தார். தோல் மழையில் ஊறி, ஈரச் சாக்கைத் தட்டினது போலப் பொத் என்றது. "காய்ச்சணும். நெருப்பு வேணும். நேரம் வேணும்," என்று அழுகிற குரலில் சொன்னார்.

நேரம்தான் இல்லை.

உள்ளே அந்தப் பெட்டி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. டக். டக்க டக். காளிதாஸ் அதைப் பார்த்தான். அலுமாரியைப் பார்த்தான். பயந்தவனுக்குத்தான் வழி சட்டென்று தெரியும்.

"கிளாக்கர் ஐயா! லவுட்ஸ்பீக்கர் சாவி!"

பொன்னுத்துரை அசையவில்லை. மலையையே வெறித்துப் பார்த்தபடி நின்றார். மறுபடியும் அந்த உறுமல் வந்தது. அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிய்த்தெடுத்து வீசினார்.

குழாயை ஜன்னலில் சாய்த்தார்கள். கார் பெட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து கம்பியை முறுக்கினான் காளிதாஸ். மைக்கைக் கம்ப்யூட்டரின் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தான். கை நடுங்கியது, இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்தான். அதுவும் நடுங்கியது. டீச்சர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

டக்! டக்க டக்! டக்! டக்க டக்!

நரிமலையே அதிர்ந்தது. புளத்கொகுபிட்டிய பஜாரில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைக் கேட்டுத் துண்டைத் தலையிலிருந்து இறக்கினார்களாம். மின்சாரம் ஒரு தரம் மங்கியது. திரை சுருங்கி விரிந்தது. எல்லாருடைய உயிரும் அந்தப் பச்சைப் புள்ளியில் தொங்கியது. அடி நிற்கவில்லை.

கீழே ஒரு கதவு திறந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. யாரும் ஓடவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாவுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள்; தலையில் முக்காடு, இடுப்பில் பிள்ளை, நடக்க முடியாத கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர். எதிரே மூக்காயி மார்பில் அடித்துக்கொண்டு, யார் என்றே தெரியாமல் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"மலையில பூத்த பூவே, மண்ணுக்கே போனீங்களே..."

கடைசி ஆள் கடைசிப் படியில் கால் வைத்தபோது நரிமலை அவிழ்ந்தது.

விழுந்தது என்று சொல்ல முடியாது. யாரோ மலைக்குப் போர்த்தியிருந்த பச்சைக் கம்பளத்தை மெல்ல உருவுகிற மாதிரி, மரமும் பாறையும் சேறும் ஒன்றாக இறங்கின. கீழ் லயத்தின் தகரக் கூரைகள் ஒரு கணம் மேலே எழும்பி, பிறகு இல்லாமல் போயின. கதவுகள், அரிசிப் பெட்டிகள், அடுப்புகள், காய்ந்த பாய்கள் எல்லாம். பிறகு மழை பெய்கிற சத்தம். அதற்கு மேலே, லவுட்ஸ்பீக்கரில் டக், டக்க டக்.

மூக்காயியின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. திரும்பித் தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் டீச்சரிடம், குழந்தை கேட்பது போல. "நான் யாருக்கும்மா ஒப்பாரி வச்சேன்?"

"ஒங்க எல்லாருக்கும்தான் மூக்காயி. கொஞ்சம் முந்திக்கிட்ட. பரவால்ல."

களத்தில் பெண்கள் பிள்ளைகளை எண்ணிக் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். அடி இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் அது நின்றால் போதும் என்றிருந்தது. ஆனால் உயிரைக் காப்பாற்றின அந்தப் பெட்டியைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. மைக்கைப் பிடித்திருந்த காளிதாசுக்கு விரல்கள் மரத்துவிட்டன.

டீச்சர் ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். களத்திலிருந்த அத்தனை கண்ணுக்கும் உள்ளே தெரிந்தது.

"கிளாக்கர் ஐயா," என்றார் சாந்தமாக. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

பொன்னுத்துரை பேயறைந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னது, என்ன சொன்னது என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கை தானாக மேசைக்கு நீண்டது. இடது கைச் சுண்டு விரல் ஒரு ஓரத்துப் பட்டனில் அமர்ந்தது. ஆள்காட்டி விரல் இன்னொரு பட்டனைத் தொட்டது. இரண்டும் ஒன்றாக அழுந்தின.

அடி நின்றது.

அந்த அமைதியில்தான் அவருக்குத் தான் செய்தது என்னவென்று தெரிந்தது. விரல்களை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

"மத்தியானமும் இதே ரெண்டு விரல்தான்," என்றார் டீச்சர். "பயந்தப்போ எங்க தாஸு ஜன்னலுக்குப் பாஞ்சான். புஷ்பம் பிளக்குக்கு ஓடினா. எந்தப் பட்டன் என்னான்னே தெரியாத நீங்க மட்டும், ஓடுற புரோகிராமை நிறுத்துற ரெண்டு பட்டனைப் பாக்காமலே அழுத்தினீங்க. நான் எத்தனையோ பேரோட விரலைப் பாத்தவ. வாய் பழகினதை மறைக்கும். விரல் மறைக்காது."

"நான்... ஒருத்தரையும் கொல்ல நெனைக்கலம்மா." கிளாக்கர் விரல்களை எடுத்துக்கொண்டார். "கல்லு இருந்துச்சு. நல்ல நீலக் கல்லு. ரகசியமாத் தோண்டினேன். பொடியன் வந்து குழியைப் பாத்துட்டான். பேசிப் பாக்கலாம்னு பின்னாலயே போனேன், அவன் ஓடினான், வழுக்கிருச்சு. அவன் எழுதின வரியைப் பாத்ததும் யாராச்சும் மேல ஏறி வந்துருவாங்களேன்னுதான் அழிச்சேன். பேயின்னு சொன்னா ஒருத்தனும் வரமாட்டான்னு... மலை நிக்கும்னு நெனச்சேன்."

காளிதாஸ் அவருடைய சப்பாத்தைப் பார்த்தான். வெள்ளைக் களி. மாணிக்கக் குழியின் அடிமண். கருப்பட்டிக்குப் பதில் கேள்வியை வாயில் போட்டிருந்தால் அரை நாள் மிச்சம்.

ஜன்னலுக்கு வெளியே கோடாலிகளோடு ஆண்கள் நெருங்கி வந்தார்கள். பெட்டியை உடைக்கக் கொண்டுவந்த கோடாலிகள். மூக்காயி அவர்களுக்குக் குறுக்கே நின்றாள். நனைந்த முந்தானையை உதறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கம்ப்யூட்டர் மேல் தெறித்திருந்த மழைத்துளியைத் துடைத்தாள்.

"அந்த ஆள பொலிசு பாத்துக்கட்டும்," என்றாள். "நீங்க கோடாலிய எடுத்துக்கிட்டுப் போயி மரத்த வெட்டுங்கடா. நாம இனி எங்க படுக்குறது? கூரை வேணும்ல."

பிறகு புஷ்பத்தைப் பார்த்தாள்.

"ஒங்க அண்ணன் கண்ணு முழிச்சதும், யாரும் சாகலன்னு மொதல்ல சொல்லு. எது முக்கியமோ அதைத்தானே அது மொதல்ல கேக்கும்?"